குச்சிக்கிழங்கும் ட்ரை-கேட்ச்சும்

ப்ரோக்ராம் எழுதுற ஆளுங்கள்ல ரெண்டு ரகம் உண்டு. தப்பான டேட்டா வந்தா வாசல்லயே நிறுத்தி, "உள்ளே விடமாட்டேன், போ"ன்னு கதவைச் சாத்துறவங்க ஒரு ரகம். எது வேணா வரட்டும், ஒரு ட்ரை-கேட்ச் போட்டு, லாக்ல ஒரு வரி எழுதிட்டு, ஆட்டத்தை நிறுத்தாம ஓட்டுவோம்னு இருக்கிறவங்க இன்னொரு ரகம். நான் எந்த ரகம்னு கேட்காதீங்க, எங்க டீம் லீடும் இந்தப் பக்கம் அப்பப்போ வந்து போறார் :)

செடிகளுக்கும் இதே ரெண்டு வழி இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. வைரஸ் உள்ளே வந்து பெருகுறதையே தடுக்கிறது ஒரு வழி. அதை எதிர்ப்புத் திறன்னு வெச்சுக்குவோம். வைரஸ் வந்தா வரட்டும், உடம்பு பூரா பரவினாலும் பரவட்டும், ஆனா நான் வளர்ற அளவுக்கு வளர்ந்து, காய்க்கிற அளவுக்குக் காய்ச்சுடுவேன்ங்கிறது இன்னொரு வழி. அது தாங்குதிறன். பேச்சு வழக்குல ரெண்டையும் ஒண்ணாப் போட்டு "நோய் தாங்குற ரகம்"னு சொல்லிடறோம். விதைக்கடையிலயும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அடிப்படையிலயே ரெண்டும் வேற வேற சமாச்சாரம். முதல் வகைச் செடியில வைரஸ் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான் இருக்கும். ரெண்டாவது வகையில வைரஸ் நல்லா குடும்பம் நடத்திட்டு இருக்கும், செடி மட்டும் அதைப் பத்தி அலட்டிக்காது.

இதுல எனக்குப் பிடிச்ச கதை இங்கிலாந்து உருளைக்கிழங்கு ஒண்ணோட கதை. கிங் எட்வர்டுன்னு ஒரு ரகம், 1902-ல விற்பனைக்கு வந்தது. ராஜா பேரு வெச்சதாலயோ என்னவோ, அங்கே அது இன்னிக்கும் பிரபலம். செடி பார்க்க நல்லா இருக்கும், விளைச்சலும் நல்லா இருக்கும். 1930-ல ரெட்க்ளிஃப் சாலமன், லெ பெல்லி ரெண்டு பேரும் ஒரு வேலை பண்ணாங்க. கிங் எட்வர்டு தண்டை எடுத்து ஆரன் விக்டரிங்கிற வேற ரகத்துல ஒட்டுக் கட்டினாங்க. ஒட்டுப் போட்ட ஆரன் விக்டரிக்கு இலை சுருண்டு நோய் வந்துடுச்சு. அப்போதான் விஷயம் வெளியே வந்துச்சு. உலகத்துல இருந்த அத்தனை கிங் எட்வர்டு செடியும் ஒரு வைரஸை உள்ளே சுமந்துகிட்டு இருந்திருக்கு. எந்த அறிகுறியும் கிடையாது. உருளையை விதை போட்டு வளர்க்கிறதில்லையே, கிழங்கையே வெட்டித்தானே நடறோம். அதனால அம்மாகிட்ட இருக்கிறது பிள்ளைக்கு, பிள்ளைகிட்ட இருந்து பேரனுக்குன்னு தலைமுறை தலைமுறையா வந்துகிட்டே இருந்திருக்கு.

ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துல கஸானிஸ்ங்கிறவர் 1950-கள்ல நுனி மொட்டுல இருந்து ஊசிமுனை அளவு திசுவை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடிக் குழாய்ல வளர்த்து, வைரஸ் இல்லாத கிங் எட்வர்டை உருவாக்கினார். மொட்டோட உச்சியில வைரஸ் பெரும்பாலும் போய்ச் சேர்றதில்லை, அதான் சூட்சுமம். இப்போ கவனிங்க, இந்தச் சுத்தமான செடி பழைய செடியை விடக் கூடுதலா விளைஞ்சுது! அதாவது அரை நூற்றாண்டு காலம் எல்லாரும் "இதுதான் கிங் எட்வர்டோட விளைச்சல்"னு நினைச்சுகிட்டு இருந்தது, உண்மையில வைரஸுக்குப் பங்கு கொடுத்தது போக மிச்சம். பக்கத்துல வெச்சுப் பார்க்க ஒரு ஆரோக்கியமான செடி கூட இல்லாததால நஷ்டம்னு ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியலை.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

ஆத்தூர்ப் பக்கம் பெரியப்பாவுக்கு மூணு ஏக்கர். குச்சிக்கிழங்குதான் போடுவார். (மரவள்ளின்னு புஸ்தகத்துல போடுவாங்க, கப்பன்னு மலையாளத்துக்காரங்க சொல்வாங்க, எங்களுக்குக் குச்சிக்கிழங்கு.) என்னோட இஞ்சினியரிங் ஃபீஸ்ல பாதி அந்த மூணு ஏக்கர்ல இருந்து வந்ததுதான். அதனால இந்தச் செடி மேல எனக்கு ஒரு தனி மரியாதை. சேலம், நாமக்கல் பக்கம் ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஆரம்பிச்ச ஜவ்வரிசித் தொழில் இன்னிக்கும் இந்தக் கிழங்கை நம்பித்தான் நடக்குது. கிழங்குக்கு எடை பார்த்து மட்டும் விலை போட மாட்டாங்க, மாவுச்சத்து எவ்வளவுன்னு பார்த்து "பாயிண்ட்" கணக்குலதான் விலை. பத்து மாசம் காத்திருந்து, லோடு ஏத்தி அனுப்பிட்டு, மில்லுல எத்தனை பாயிண்ட் சொல்றாங்களோன்னு பெரியப்பா போனைப் பார்த்துகிட்டே இருக்கிறதை நான் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். அப்போல்லாம் லேண்ட்லைன்.

எங்க ஊர்க் காட்டுல குச்சிக்கிழங்கு இலையைப் பார்த்தீங்கன்னா பச்சையும் மஞ்சளுமா திட்டுத்திட்டா, ஒரு பக்கம் கோணி இருக்கும். தேமல் நோய். சின்ன வயசுல நான் குச்சிக்கிழங்கு இலைன்னாலே அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். கோயமுத்தூர்ல ஒரு பொருட்காட்சியில தேமல் இல்லாத செடியைப் பார்த்தப்போ இது வேற ஏதோ செடி போலன்னு தோணுச்சு. நம்ம பக்கம் இதுக்குக் காரணம் ரெண்டு வைரஸ். ஒண்ணு இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இன்னொண்ணு இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். பேர்லதான் இலங்கை, இங்கேயும் தாராளமா இருக்கு. பரவுறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு வெள்ளை ஈ. இன்னொண்ணு நாமளே. அறுவடை முடிஞ்சதும் தண்டை வெட்டி நிழல்ல சாத்தி வெச்சு, அதையே துண்டு போட்டுத்தானே அடுத்த போகத்துக்கு நடறோம்?

எங்க பக்கம் ரொம்ப காலமா ஓடுற ரகம் எச்-226. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்கிற மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971-ல வெளியிட்டது. அரை நூற்றாண்டு ஆச்சு. இலை பூரா தேமலா இருந்தாலும் அது பாட்டுக்கு கிழங்கு வைக்கும். போன வருஷம் தை மாசம் ஊருக்குப் போனப்போ, கிங் எட்வர்டு கதையைச் சொல்லி, "பெரியப்பா, நோய் இல்லாத குச்சி வாங்கி நட்டுப் பாருங்களேன்"னு ஆரம்பிச்சேன்.

"ஏன் கண்ணு, இப்ப கெழங்கு வரலீங்கிறயா?"

"வருது பெரியப்பா. நோய் இல்லாட்டி இன்னும் வருமில்ல?"

"பக்கத்துக் காட்டுலயும் இதே நோவுதான், அந்தாண்ட காட்டுலயும் இதே நோவுதான். நான் மட்டும் காசு குடுத்துச் சுத்தமான குச்சி வாங்கி நட்டா, ஈ என்ன எங்காட்டுக்கு மட்டும் லீவு உட்ருமா?"

இதுக்கு என்கிட்ட சட்டுன்னு பதில் இல்லை. ஏன்னா அவர் சொன்னது, நோய்ப் பரவல் பத்தி எழுதுறவங்க கணக்குப் போட்டுச் சொல்ற அதே விஷயம். சுத்தி இருக்கிற எல்லாக் காட்டுலயும் வைரஸ் இருக்கிறப்போ, நடுவுல ஒரு சுத்தமான காடு ரொம்ப நாள் சுத்தமா இருக்காது. செலவு முழுக்க அவருது, பலன் அரைகுறை. ஊரே சேர்ந்து மாத்தினாத்தான் உண்டு. ஊரே எங்கே சேருது, கோயில் திருவிழாவுக்கே ரெண்டு கோஷ்டி.

ஆனா கணக்குல இன்னொரு வரியும் இருக்கு. அன்னிக்குச் சாயங்காலமே அவர் காட்டுல இருந்து ஒரு டிராக்டர் குச்சி, புதுசா கிழங்கு போடப்போற ஒரு சொந்தக்காரர் காட்டுக்குப் போச்சு. காசு கூட வாங்கலை. "நல்லா வெளையற குச்சி"ன்னு சொல்லித்தான் அனுப்பினார், அதுல பொய்யே இல்லை. தாங்குற செடியோட பிரச்சினையே இதுதான்னு எனக்குத் தோணுது. சீக்கிரம் செத்துப் போற செடியா இருந்தா அந்தக் குச்சியை யாரும் நட மாட்டாங்க, வைரஸும் அதோட ஒழிஞ்சது. தாங்குற செடி நல்லா இருக்கும், மதிப்பா இருக்கும், டிராக்டர்ல ஏறும். வெள்ளை ஈக்கு வருஷம் பூரா சாப்பாட்டுப் பந்தி அங்கேதான். அந்தச் செடிக்கு நஷ்டம் கம்மி. பக்கத்துல தாங்க முடியாத ரகம் போட்டவனுக்குத்தான் முழு அடி.

இது ஏதோ ஊர்க்கதை இல்லை. நம்ம பக்கத்து இலங்கைத் தேமல் வைரஸ் 2015-ல கம்போடியாவுல ரத்தனகிரி மாகாணத்துல தென்பட்டுச்சு. 2017-ல வியட்நாம்ல தாய் நின், 2018-ல தாய்லாந்து. உலகத்துக்கே மரவள்ளி மாவு ஏத்துமதி பண்ற தேசங்கள். வெள்ளை ஈ தானா பறந்து போற தூரம் குறைவு. குச்சி போற தூரம் லாரி போற தூரம். அங்கே ரொம்ப அடிவாங்கின ரகங்கள் உண்டு. கசெட்சார்ட் 50-ங்கிற பழைய ரகம் மட்டும் ஓரளவு தாங்குச்சு. உடனே எல்லாருக்கும் அந்தக் குச்சி வேணும். அவங்களைக் குறை சொல்ல முடியுமா? அடுத்த வருஷம் வயலை சும்மா போடறதா, இல்லை ஏதோ விளையற குச்சியை நடறதான்னா, எங்க பெரியப்பா எதைச் செய்வார்னு எனக்குத் தெரியும்.

சரி, அப்போ எதிர்ப்புத் திறன்தான் நல்லது, தாங்குதிறன் மோசம்னு முடிச்சுடலாமான்னா, அதுவும் முடியலை. எதிர்ப்புன்னா வைரஸைப் பெருக விடாம நெருக்கறோம். நெருக்கினா, தப்பிக்கிற வைரஸுக்குப் பரிசு கிடைக்கும். ஒரு மாற்றம் நடந்து பூட்டைத் திறந்த வைரஸ் ஒண்ணு வந்துட்டா மொத்த வயலும் அதோடது. தாங்குற செடி வைரஸை அவ்வளவா நெருக்கறதில்லை, அதனால பூட்டை உடைக்க வேண்டிய அவசரம் வைரஸுக்கு இல்லை. தாங்குதிறன் நீண்ட நாள் நிலைக்கும்னு ஒரு வாதம் அப்படித்தான் வந்துச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனா மொராக்கோ தக்காளிக்காரங்க கிட்ட இந்த வாதத்தைச் சொல்ல முடியாது. தக்காளியில மஞ்சள் இலைச் சுருட்டை நோய்க்கு ஒரு வைரஸ் இருக்கு, அதுவும் வெள்ளை ஈ சரக்குதான். தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒண்ணுல இருந்து டிஒய்-1ங்கிற மரபணுவை எடுத்து நாட்டுத் தக்காளியில சேர்த்தாங்க. அந்தச் செடியில வைரஸ் கொஞ்சமா இருக்கும், ஆனா அறிகுறி தெரியாது, காய்ப்பு குறையாது. 2000-க்கு அப்புறம் மொராக்கோவுல சூஸ் பகுதியில இந்த ரகங்கள் பெருசா பரவுச்சு. கொஞ்ச வருஷத்துல அங்கே ஒரு கலப்பு வைரஸ் கிளம்பி, அதோட அப்பன் ஆயி ரெண்டையும் ஓரங்கட்டிட்டு ஊரைப் பிடிச்சுகிச்சு. ஐஎஸ்76-ன்னு பேரு. ஒரு வைரஸோட மரபு நூல்ல இன்னொரு வைரஸோட துண்டு, வெறும் 76 எழுத்து, அவ்வளவுதான். இதுல சுவாரசியம் என்னன்னா, சாதாரணத் தக்காளியில இந்தக் கலப்புக்குப் பெரிய அனுகூலம் ஒண்ணும் இல்லை. டிஒய்-1 இருக்கிற செடியிலதான் அது கொடிகட்டிப் பறக்குது. அறிகுறி தெரியலைங்கிறதால "நெருக்கல் இல்லை"ன்னு நாம நினைச்சது சரியில்லை. வெளியே பச்சையா தெரிஞ்சாலும் உள்ளே ஒரு தேர்வு நடந்துகிட்டுத்தான் இருந்திருக்கு.

அதே மரபணுவுக்கு இன்னொரு விலையும் உண்டு. டிஒய்-1 வேலை செய்யறது, வைரஸோட டி.என்.ஏ. மேல மெத்தில் குறி போட்டு அதோட மரபணுக்களை அடக்குற, செடியோட பாதுகாப்பு முறையைத் தட்டி எழுப்பித்தான். நெதர்லாந்துல வாகெனிங்கன் ஆட்கள் 2014-ல சோதிச்சுப் பார்த்தாங்க. அந்தச் செடிக்கு வெள்ளரித் தேமல் வைரஸும் சேர்ந்து வந்துட்டா, அது இந்தப் பாதுகாப்பைப் பலவீனமாக்கிடுது, இலைச் சுருட்டை வைரஸ் கிடுகிடுன்னு ஏறிடுது. நிஜக் காட்டுல எந்தச் செடிக்கு ஒரே ஒரு வைரஸ் மட்டும் வருது? ஒரே ஒரு யூசர் வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு ரிலீஸ் பண்ற கதைதான்.

இன்னொரு கேள்வி எனக்கு ரொம்ப நாளா உறுத்திகிட்டே இருக்கு. தாங்குதுன்னு யாரோட கணக்குல சொல்றோம்? மாட்ரிட்ல இஸ்ரேல் பகான், கார்சியா-அரேனால் குழு 2008-ல அரபிடாப்சிஸ்ங்கிற கடுகுக் குடும்பத்துக் குட்டிச் செடியில ஒரு வேலை பண்ணியிருந்தாங்க. வெள்ளரித் தேமல் வைரஸ் வந்ததும், நீண்ட ஆயுள் உள்ள சில வகைகள் இலை தண்டு வளர்க்கிறதைக் குறைச்சுகிட்டு, இருக்கிற சத்தைப் பூவுக்கும் விதைக்கும் திருப்பி விட்டுடுதுங்க. உடம்பு இளைச்சாலும் பரவாயில்லை, பிள்ளைங்க பிழைக்கட்டும்ங்கிற மாதிரி. குறுகிய ஆயுள் வகைகளுக்கு அந்த வித்தை கைவரலை, திருப்பி விட அவகாசமே இல்லை. செடியோட கணக்குல இது அருமையான தாங்குதிறன். நெல்லு மாதிரி விதையைச் சாப்பிடறவனுக்கும் சரிப்படலாம். கீரை விக்கிறவனுக்கு? குச்சிக்கிழங்கு போடறவனுக்கு? நமக்கு வேண்டியது பூவும் இல்லை, விதையும் இல்லை, மண்ணுக்கடியில மாவு. செடி தன் வழியில நல்லாத் தாங்கிட்டு, நமக்குப் பாயிண்ட்ல கையை விரிச்சுடலாம். அதனாலதான் "இந்த ரகம் தாங்குது"ன்னு யாராவது சொன்னா, எதைத் தாங்கி, எதைக் கொடுத்துன்னு கேட்கத் தோணுது.

பெரியப்பா பக்கத்துக்கு ஆதரவா ஒண்ணு சொல்லியே ஆகணும். மர்லின் ரூஸிங்க் குழு 2008-ல வெளியிட்ட ஆய்வுல, சில வைரஸ்கள் வந்த நெல், புகையிலை, தக்காளி மாதிரியான செடிகள், தண்ணி இல்லாம காயப்போட்டா நோய் இல்லாத செடிகளை விடத் தாமதமாத்தான் வாடுச்சாம். நல்ல தண்ணி இருக்கிறப்போ பாரமா இருந்த வைரஸ், வறட்சியில செடிக்குக் கைகொடுக்குது. மரவள்ளியில, நம்ம வைரஸ்ல இப்படி நடக்குதுன்னு அந்த ஆய்வு சொல்லலை, நானும் சொல்லலை. ஆனா மானாவாரியில கிழங்கு போடுற ஊர்க்காரனா இந்தக் கேள்வியை என்னால ஒதுக்கிட்டுப் போக முடியலை. நோயைக் கழிச்சா லாபம் மட்டும்தான்னு, நல்லாத் தண்ணி பாய்ச்சின சோதனைத் தோட்டத்தைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாதோன்னு ஒரு சந்தேகம்.

இப்போ எதிர்ப்பு ரகங்களும் வந்தாச்சு. நைஜீரியாவுல இபாடான்ல இருக்கிற வெப்பமண்டல வேளாண் நிலையத்துல இருந்து கொண்டு வந்த வகையைத்தான் திருவனந்தபுரம் நிலையம் ஸ்ரீ பத்மநாபான்னு நம்ம மாநிலத்துக்குக் கொடுத்துச்சு. ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் எங்க ஊர்ல இருந்து பக்கம்தான், அவங்களும் ரகம் வெளியிட்டிருக்காங்க. ஆப்பிரிக்க வகைகள் பலதுல இருக்கிற எதிர்ப்புக்குக் காரணம் சிஎம்டி2-ன்னு ஒரு மரபுப் பகுதி. அது செடி தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கிற நொதி ஒண்ணுல இருக்கிற மாற்றம்னு 2022-லதான் தெரிஞ்சுது. ஒரு வேடிக்கை பாருங்க. அப்படிப்பட்ட சில வகைகளை ஆய்வுக்கூடத்துல ஒரு குறிப்பிட்ட திசு வளர்ப்பு முறையில செல்லுல இருந்து புதுச் செடியா வளர்த்தா, எதிர்ப்பே காணாமப் போயிடுது. 2016-ல இதைச் சொன்னாங்க. அது மட்டுமில்லை, எதிர்ப்பு ரகங்கள்ல வைரஸ் தண்டு பூரா பரவாம அங்கங்கே விட்டு விட்டு இருக்கும். அதனால நோய் வந்த செடியில இருந்து வெட்டின குச்சிகள்ல சிலது தானாவே சுத்தமா முளைக்கும். எச்-226-ல அந்த நப்பாசை வேண்டாம்.

இந்த வருஷம் பெரியப்பாவோட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கேன். காட்டோட மேல்கோடியில, காத்து வர்ற பக்கமா, பத்து வரிசை மட்டும் எதிர்ப்பு ரகக் குச்சி. செலவு என்னுது. மத்ததெல்லாம் வழக்கம் போல எச்-226. அறுக்கிறப்போ தனித்தனியா எடை போட்டு, தனித்தனியா மில்லுக்கு அனுப்பி, பாயிண்ட் பார்க்கணும். அவர் போட்ட ஒரே கண்டிஷன்: "பாயிண்ட் கொறஞ்சா அடுத்த வருசம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது." நான் போட்ட ஒரே கண்டிஷன்: எடை தெரியற வரைக்கும் வழக்கமான குச்சியை வெளியே யாருக்கும் கொடுக்கக்கூடாது. இதுக்குத்தான் அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். குச்சி கேட்டு வர்ற சொந்தக்காரனுக்கு இல்லைன்னு சொல்றதுன்னா சும்மாவா? கடைசியில, "சரி, நீயே வந்து சொல்லிக்கோ"ன்னுட்டார்.

மாசி முடிய நட்டாச்சு. இப்போ நாலு இலை விட்டிருக்கு. பத்து வரிசையும் பச்சையா இருக்குன்னு பெரியம்மா போட்டோ அனுப்பினாங்க. வெள்ளை ஈயும் போட்டோவுல இருக்கு :(

தர்மபுரி, நாமக்கல், கன்னியாகுமரிப் பக்கம் கிழங்கு போடுறவங்க யாராவது இதைப் படிச்சா, எதிர்ப்பு ரகம் நட்டிருந்தா, மில்லுல எத்தனை பாயிண்ட் வந்துச்சுன்னு ஒரு வரி சொல்லுங்க. காய்ஞ்ச வருஷமா, மழை வருஷமாங்கிறதையும் சேர்த்துச் சொன்னா ரொம்ப உபகாரமா இருக்கும்.